தென்னை ஏறும் அரிவாளுக்கு எந்தப் பிடி போடலாம்?

பேராவூரணிப் பக்கத்துத் தம்பி ஒருவர் போன வாரம் பேசினார். "லாரி ஸ்பிரிங் பட்டையில அரிவாள் அடிச்சு வாங்கிட்டேன் அண்ணே. பிடிதான் குழப்பமா இருக்கு. பட்டறையில பைப்பு போடுங்கறாங்க, அப்பா பூவரசுங்கறார், கூட ஏறுறவன் சைக்கிள் டியூப்பைச் சுத்திக்கடாங்கறான்." இதே கேள்வியோடு இந்த வருடம் என்னிடம் வந்த நாலாவது ஆள் அவர். புதிதாக மரம் ஏற வரும் பிள்ளைகள் இரும்புக்காக மூன்று பட்டறை ஏறி இறங்குகிறார்கள். பிடி என்று வந்ததும், அங்கே கிடக்கிற கட்டையில் ஏதோ ஒன்றைச் செருகச் சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுகிறார்கள். நான் இருபது வருடத்துக்கு மேலாகப் பட்டுக்கோட்டைச் சுற்றுவட்டாரத் தோப்புகளில் ஏறுகிறேன். கீழே சொல்லப்போகும் பிடிகளில் பெரும்பாலானவற்றை ஒரு வெட்டுக்காவது கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

வீட்டில் விறகு பிளக்கிற அரிவாளுக்கும் நம் அரிவாளுக்கும் வேலை வேறு. நம்முடையது பாதி நேரம் முதுகுப் பக்கம் இடுப்பில் செருகியே இருக்கும். ஐம்பது, அறுபது அடி நெட்டை மரத்தில் காலில் தளை (கயிற்று வளையம்) போட்டு ஏறும்போது இரண்டு கையும் மரத்துக்குத்தான். கொண்டைக்குப் போனதும் ஒரு கையால் மட்டையை அணைத்துக்கொண்டு, மறு கையைப் பின்னால் விட்டு, பார்க்காமலே அரிவாளை உருவ வேண்டும். அந்தக் கையில் வியர்வை இருக்கும், பன்னாடைத் தூசி இருக்கும். கீழே காய் பொறுக்க யாராவது நிற்பார்கள்.

## எதையெல்லாம் பார்க்க வேண்டும்

முதலில் ஈரக்கை. சித்திரை, வைகாசியில் வியர்வை. ஐப்பசி, கார்த்திகையில் மழை. எங்கள் பக்கம் கை காய்ந்திருக்கிற மாதம் குறைவு. காய்ந்த கையோடு பட்டறையில் நின்று பிடித்துப் பார்த்தால் எல்லாப் பிடியும் நன்றாகத்தான் இருக்கும். வாங்கும்போது கையைத் தண்ணீரில் நனைத்துவிட்டுப் பிடித்துப் பாருங்கள்.

அடுத்தது இடுப்பு. பிடியின் முனை முதுகில் குத்தக் கூடாது, கைலியில் ஒட்டக் கூடாது, உருவும்போது துணியையும் சேர்த்து இழுக்கக் கூடாது. தடித்த பிடி கைக்குச் சுகம், இடுப்புக்குப் பாரம். நான்கு விரலும் அடங்கி, பின்னால் ஒரு சின்னக் குமிழுக்கு இடம் இருந்தால் போதும்.

மூன்றாவது அதிர்வு. பழுத்த மட்டையும் காம்பும் எளிதாக அறுந்துவிடும். பச்சை மட்டையை நாலைந்து வெட்டு வெட்டினால்தான் விழும். ஒரு நாளைக்கு நாற்பது மரம் ஏறினால் அந்த அதிர்வு முழுவதும் மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் போகிறது.

நான்காவதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். அந்தப் பிடி கெட்டுப்போகும்போது முன்கூட்டியே தெரியுமா, தெரியாதா? எந்தப் பிடியும் ஒருநாள் போகத்தான் போகிறது. விரிசல் கண்ணுக்குத் தெரிந்து, லேசாக ஆடி, சத்தம் மாறி, பிறகு போகிற பிடி உண்டு. நேற்று வரை நன்றாக இருந்து இன்று மரத்து மேல் கழன்றுபோகிற பிடியும் உண்டு. தரையில் வேலை செய்கிறவருக்கு இது ஒரு எரிச்சலோடு முடியும். நமக்கு அப்படி இல்லை.

## பூவரசு

டெல்டாவில் வாய்க்கால் கரை, கொல்லைப்புறம், மாட்டுக் கொட்டகை ஓரம் என்று எங்கும் நிற்கிற மரம். சின்ன வயதில் இதன் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதாதவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். முற்றிய மரத்தின் வைரம், அதாவது நடுவில் இருக்கிற கெட்டிக் கட்டை, கரும்பழுப்பாக இருக்கும். நார் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் சுலபத்தில் பிளக்காது. மாட்டு வண்டிக்கும் கலப்பைக்கும் இதைத் தேடியதற்குக் காரணம் அதுதான்.

அரிவாளுக்கு வரும்போது இதன் பெரிய நன்மை, கனமும் இல்லை, சோளத்தட்டை போல லேசும் இல்லை. அதிர்வை நன்றாகக் குடித்துக்கொள்ளும். மெருகு போடாமல் விட்டால் வியர்வையை ஓரளவு உறிஞ்சிக்கொண்டு கையில் நிற்கும். ஆறு மாதம் பழகினால் உங்கள் விரல் பதிகிற இடம் தானாகப் பள்ளமாகிவிடும். என் அப்பாவின் அரிவாளை வேறு யார் பிடித்தாலும் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும்.

குறை என்னவென்றால் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். எல்லா மரத்துக்கும் உள்ளதுதான், ஆனால் சரியாகக் காயாத பூவரசில் அது அதிகம். வெட்டிய கட்டையை நிழலில் மூன்று மாதமாவது போட்டு வைக்க வேண்டும். பச்சைக் கட்டையில் போட்ட பிடி பங்குனியில் ஆடத் தொடங்கிவிடும். இந்த மூன்று மாதக் காத்திருப்புதான் இதன் மறைந்திருக்கும் செலவு. காசு கேட்காது, பொறுமை கேட்கும். அதனால் நான் எப்போதும் அடுத்த பிடிக்கான கட்டையை முன்கூட்டியே பரண் மேல் போட்டு வைத்திருப்பேன்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறிய பிறகு எங்கள் ஊரில் ஏறுவதற்கு மரமே இல்லாமல் போயிற்று. தென்னை எல்லாம் வரிசையாகச் சாய்ந்து கிடந்தது. அதோடு சாய்ந்த பழைய பூவரசுகளை விறகுக்காரர்கள் அள்ளிப் போவதற்குள் பத்துப் பதினைந்து கட்டையை எடுத்து வைத்தேன். வேலை இல்லாத அந்த மாதங்களில் உட்கார்ந்து பிடி செதுக்கிக்கொண்டிருந்தேன். அதில் இரண்டு கட்டை இன்னும் மிச்சம் இருக்கிறது.

கெடும்போது பூவரசு சொல்லிவிட்டுத்தான் கெடும். முதலில் பூண், அதாவது பிடியின் முன்பக்கத்து இரும்பு வளையம், ஆடும். பிறகு வெட்டும்போது சத்தம் மாறும். பிறகு மயிரிழை போல ஒரு விரிசல். இதற்கு நடுவில் உங்களுக்குக் குறைந்தது ஒரு வாரம் கிடைக்கும்.

## கருவேலமும் புளியும்

இரண்டும் கெட்டி மரம். நாட்டுக் கருவேலத்தின் வைரம் இரும்பு மாதிரி. புளியின் உள்வைரமும் அப்படித்தான். கறிக்கடையில் வெட்டுக்கட்டை எதனால் செய்கிறார்கள் என்று பார்த்தாலே தெரியும். தேய்மானம் என்று பார்த்தால் பூவரசை விட இவை இரண்டும் நீண்ட நாள் வரும்.

ஆனால் நம் வேலைக்கு அந்தக் கெட்டித்தனமே கொஞ்சம் இடைஞ்சல். பச்சை மட்டையை ஓங்கி வெட்டும்போது அதிர்வு அப்படியே கைக்கு வருகிறது. கனமும் கூடுதல். அரிவாளின் எடை முனைப் பக்கம் நின்றால்தான் வீச்சு நன்றாக இருக்கும். பிடி கனத்துவிட்டால் வீச்சு செத்துப்போகும். புளியில் இன்னொரு விஷயம், வெளிப்பக்கத்து வெள்ளைக் கட்டையில் உளு விழும். பட்டறையில் கொடுப்பது பெரும்பாலும் அந்த வெள்ளைதான். வெளியே நன்றாக இருக்கும், உள்ளே மாவாகியிருக்கும். வைரம் மட்டும் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

பெரிய கை உள்ளவர்கள், நீளமும் கனமுமான அரிவாள் வைத்திருப்பவர்கள், மரத்தைச் சுத்தம் செய்து பச்சை மட்டை கழிக்கும் வேலையே அதிகம் செய்பவர்கள் கருவேலம் போடலாம். அவர்களுக்கு பூவரசுப் பிடி சீக்கிரம் தேய்ந்துவிடும்.

சீமைக் கருவேலத்தை அடுப்புக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடாதீர்கள். நேரான துண்டு கிடைப்பதுதான் கஷ்டம். கிடைத்தால், ஈரத்துக்கும் வெயிலுக்கும் மிகக் குறைவாகவே உப்பிச் சுருங்குகிற மரம் அது.

## வேம்பு, தேக்கு, பனை

வேம்பு உளுக்காது, எங்கும் கிடைக்கும். ஆனால் காயும்போது வெடிக்கும். தற்காலிகமாகப் போட்டுக்கொள்ளலாம். தேக்கு பார்க்க அழகு, ஈரத்துக்கும் தாங்கும். அடி வாங்குகிற வேலைக்கு அது ஆகாது, நார் வழியே சிம்பு சிம்பாகப் பெயரும். ஆசாரி மிச்சத் துண்டை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பனை வைரத்தில் பிடி போட்டவர்கள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். உறுதியில் குறை சொல்ல முடியாது. அதன் கருப்பு நார் சிலாம்பாகக் கையில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு. இழைத்துத் தேய்க்கத் தெரிந்த ஆசாரி இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

## கொம்பு

எருமைக் கொம்புப் பிடி போட்ட பழைய கத்திகளைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் உண்டு. காய்ந்த கையில் அதன் வழவழப்பு இன்பமாக இருக்கும். நனைந்த கையில் அதே வழவழப்பு ஆபத்து. வெயிலும் ஈரமும் மாறி மாறிப் பட்டால் ஏடு ஏடாகப் பிளக்கும், பூச்சியும் அரிக்கும். வீட்டுக்குள் வெற்றிலை, பாக்கு வெட்டும் கத்திக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மான்கொம்பு என்று யாராவது கொண்டுவந்து காட்டினால் தொடவே வேண்டாம். 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

## பிவிசி குழாய்

இப்போது பட்டறைகளில் அதிகம் போடுவது இதைத்தான். காரணம் எளிது. மிச்சக் குழாய்த் துண்டு சும்மா கிடைக்கிறது, சூடு காட்டினால் இளகுகிறது, அரிவாளின் வாலின் (பிடிக்குள் போகிற இரும்பு முனை) மேல் ஏற்றி அழுத்தினால் இறுகிப் பிடித்துக்கொள்கிறது. பத்து நிமிட வேலை. லேசாகவும் இருக்கும், ஈரத்தில் உப்பாது, உளுக்காது. ஒரு டீ, வடைக் காசில் முடிந்துவிடும்.

நானும் போட்டேன். ஏறத் தொடங்கி மூன்றாவது வருடம். ஏழெட்டு மாதம் எந்தத் தொந்தரவும் இல்லை. ஒரு வைகாசி மதியம், பச்சை மட்டைக்கு ஓங்கினேன், கையில் குழாய் மட்டும் இருந்தது. அரிவாள் சுழன்றுகொண்டே கீழே போனது. காய் பொறுக்கிக்கொண்டிருந்த என் சித்தி நின்ற இடத்துக்கும் அது குத்தி நின்ற இடத்துக்கும் நடுவில் இரண்டு முழம்கூட இல்லை. சித்தி ஒன்றும் சொல்லவில்லை, அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மேலே எனக்குக் கால் நடுக்கம் நிற்கக் கால் மணி நேரம் ஆனது. அன்று காலையில் அந்தப் பிடியை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறியிருந்தேன். அது ஆடவே இல்லை.

பிறகு யோசித்தபோதுதான் காரணம் புரிந்தது. பிவிசி எண்பது டிகிரி வாக்கில் இளகிவிடுகிற பொருள். உச்சி வெயிலில் இரும்பு நன்றாகவே காயும். இளகுகிற அளவுக்குப் போகாவிட்டாலும், சூட்டில் கொஞ்சம் விரிந்து, இரவில் இறுகி, மறுநாள் விரிந்து என்று பிடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே வந்திருக்கிறது. வெயில் குடித்த குழாய் நாளாக ஆக மொடமொடப்பாகவும் ஆகிவிடும். வெளியே இதெல்லாம் எதுவும் தெரியாது. உள்ளே வியர்வை இறங்கி வால் துருப்பிடிப்பதும் தெரியாது.

எந்த இடத்தில் இது சரி? தரையில் நின்று காய் உரிப்பதற்கு, வாழைத்தார் வெட்டுவதற்கு, தொரட்டியில் கட்டும் அரிவாளுக்கு. குறுக்கே ஆணி அடித்துப் போட்டால் ஓரளவு பயம் குறையும். மரம் ஏறுகிற அரிவாளுக்கு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அடுப்புத் தீயில் குழாயைக் கருகவிட்டுப் போடுகிற பட்டறையில் பக்கத்திலும் நிற்காதீர்கள், அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது.

கடையில் தொங்குகிற அச்சுப் பிளாஸ்டிக் பிடிகளுக்கும் இதே கதைதான். கூடுதலாக, நம் ஊர்ப் பட்டறையில் அடித்த வாலின் அளவுக்கு அவை பொருந்துவதே இல்லை.

## முழு இரும்பு

வாலையே நீட்டி வளைத்தோ, ஜிஐ குழாயை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) வெல்டு வைத்தோ செய்வது. கழன்றுபோகும் பயம் கிடையாது, வெல்டு ஒழுங்காக இருந்தால். அதற்காக இதற்கு ஒரு மரியாதை உண்டு. ஆனால் கோடையில் பதினோரு மணிக்கு மேல் பிடிக்க முடியாது. அதிர்வு முழுக்கக் கைக்கு வரும். இரண்டு வருடம் இதை வைத்திருந்த என் கூட்டாளிக்கு முழங்கை வலி வந்து ஒரு பறிப்புக் காலம் முழுக்க ஏறவில்லை. சேதுபாவாசத்திரம், மல்லிப்பட்டினம் பக்கம் கடல் காற்றில் வேலை செய்பவர்களுக்குத் துரு இன்னும் சீக்கிரம். மேலே கயிறு சுற்றாமல் இதைப் பயன்படுத்தவே முடியாது.

## மேலே என்ன சுற்றலாம்

சைக்கிள் டியூப்பை வாராக வெட்டிச் சுற்றுவது பலருடைய வழக்கம். ஈரக்கைக்கு அதைப் போல வேறொன்று பிடிப்புத் தராது, அதிர்வையும் குடிக்கும். இது உண்மை. ஆனால் அந்தப் பிடிப்பே இடுப்பில் எதிரியாகிறது. கைலியோடு ஒட்டிக்கொண்டு உருவவே வராது, வந்தால் துணியையும் இழுத்துக்கொண்டு வரும். கருப்புக் கறை துவைத்தாலும் போகாது. பெரிய கெடுதல் அடியில் இருக்கிறது. உள்ளே போன வியர்வைக்கு வெளியே வர வழி இல்லை. ஒரு வருடம் சுற்றி வைத்த பிடியைப் பிரித்துப் பார்த்தேன், பூவரசு கருத்து ஊறிப்போய், நகத்தால் கீறினால் வந்தது. நல்ல மரத்தின் விரிசலையும் டியூப் மறைத்துவிடுகிறது. முன்கூட்டியே சொல்கிற பிடியின் வாயை நாமே கட்டிவிடுகிறோம்.

பருத்திக் கயிறு எவ்வளவோ மேல். மெல்லிய கயிறை நெருக்கமாகச் சுற்றினால் வியர்வையை உறிஞ்சும், இடுப்பில் ஒட்டாது. மாதம் ஒருமுறை பிரித்துத் துவைத்துக் காயவைத்துச் சுற்ற வேண்டும். பிரிக்கும்போது மரத்தையும் பார்த்துவிடலாம். தேங்காய் நார்க் கயிறு மழையில் அருமையாக நிற்கும், உள்ளங்கையையும் முதுகையும் உரசிப் புண்ணாக்கும். நைலான் கயிறு நனைந்தால் வழுக்கும்.

## ஒரே பார்வையில்

| பிடி | ஈரக்கையில் | அதிர்வு | இடுப்பில் | கெடும்போது |
|---|---|---|---|---|
| பூவரசு | நன்று | குடிக்கும் | நன்று | முன்பே தெரியும் |
| கருவேலம், புளி வைரம் | சுமார் | கைக்கு வரும் | கனம் | முன்பே தெரியும் |
| கொம்பு | வழுக்கும் | சுமார் | நன்று | திடீரென்று பிளக்கும் |
| பிவிசி | வழுக்கும் | சுமார் | லேசு | தெரியாது |
| முழு இரும்பு | வழுக்கும், சுடும் | முழுக்க வரும் | கனம் | வெல்டைப் பார்த்தால் தெரியும் |
| மரம் மேல் டியூப் | மிக நன்று | குடிக்கும் | ஒட்டும் | மறைத்துவிடும் |
| மரம் மேல் பருத்திக் கயிறு | நன்று | குடிக்கும் | நன்று | பிரித்தால் தெரியும் |

பேராவூரணித் தம்பிக்கு நான் சொன்னது: அப்பா பேச்சைக் கேளுங்கள். காய்ந்த பூவரசு, மழை மாதங்களில் மட்டும் அதன் மேல் பருத்திக் கயிறு. கட்டை காய்கிற வரைக்கும் வேலை நிற்கக் கூடாது என்றால், ஆசாரியிடம் பழைய வண்டிக் கட்டைத் துண்டு இருக்கிறதா என்று கேளுங்கள். அது ஏற்கெனவே பல வருடம் காய்ந்தது.

## மாட்டும் விதம்

எவ்வளவு நல்ல மரமானாலும் மாட்டுவதில் கோட்டை விட்டால் போச்சு. வாலைப் பழுக்கக் காய்ச்சி ஒரேயடியாகக் கட்டைக்குள் இறக்குவது பட்டறை வழக்கம். அப்படி இறக்கினால் துளையைச் சுற்றி மரம் கரியாகிவிடும். கரி நாளடைவில் உதிரும், பிடி ஆடும். முதலில் வாலை விடக் கொஞ்சம் சிறிய துளை போட்டு, கடைசி அரை அங்குலத்துக்கு மட்டும் சூடு காட்டி இறக்கச் சொல்லுங்கள். வாலைப் பிடியின் பின்பக்கம் வரை நீட்டி மடக்கச் சொன்னால் இன்னும் பத்திரம். அது முடியாவிட்டால் குறுக்கே ஓர் ஆணி கட்டாயம். முன்பக்கம் பூண் இறுக்கமாக இருக்க வேண்டும். இடைவெளிக்கு அரக்கு ஊற்றலாம், அரால்டைட் பசையும் ஊற்றலாம், இரண்டும் எனக்கு நன்றாகவே நின்றிருக்கின்றன.

பிடியை உருண்டையாகக் கடையக் கூடாது, முட்டை வடிவத்தில் செதுக்க வேண்டும். அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் கை போனதும் அரிவாளின் வாய் (வெட்டும் ஓரம்) எந்தப் பக்கம் இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும். வார்னிஷ் வேண்டாம், நனைந்தால் வழுக்கும். தேங்காய் எண்ணெய் கையில் இருக்கிறதே என்று அதைத் தடவாதீர்கள், அது காயவே காயாது, சிக்கு வாடைதான் மிச்சம். ஆளிவிதை எண்ணெய் மெதுவாகக் காய்ந்து மரத்துக்குள் இறுகிவிடும். வருடம் இரண்டு முறை தடவி, துணியால் நன்றாகத் துடைத்து, நாலு நாள் காயவிட்டால் போதும்.

ஆடுகிற பிடியை இரவு தண்ணீரில் ஊறப்போட்டு இறுக்குகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஊறிய மரம் உப்பி இரும்போடு நசுங்குகிறது, காய்ந்ததும் முன்னைவிட அதிகமாகச் சுருங்குகிறது. அன்று ஒருநாள் இறுக்கமாக இருக்கும், மறுநாள் இன்னும் மோசம்.

நான் தினமும் முதல் மரத்தடியில் அரிவாளின் பின்பக்கக் குமிழை மரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவேன். இறுக்கமாக இருந்தால் 'டொக்' என்று ஒரே சத்தம். உள்ளே எங்காவது விட்டிருந்தால் அதோடு ஒரு சின்னச் சலசலப்பு சேர்ந்து வரும். அது கேட்டால் அந்த அரிவாள் அன்றைக்குத் தரையில் மட்டை கழிக்கத்தான். வண்டிப் பெட்டியில் இருக்கிற இன்னொன்றை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு ஏறுவேன்.